இறப்பர்த் தோட்டமும் ‘ஒரே நல்ல மரம்’ என்ற மயக்கமும்

“கூடுதல் பால் தரும் இனம் எதுவோ அதையே எங்கும் நடுங்கள்” என்ற உபதேசத்தைப் பத்திரிகைக்காரன் என்ற முறையில் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். கேட்கும்போதெல்லாம் ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்ற பெயர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. உபதேசிப்பவர்கள் அதனை மறந்துவிட்டார்கள். அல்லது மறந்ததுபோல் நடிக்கிறார்கள்.

இறப்பர் எமது மண்ணின் மரமல்ல. 1876 இல் ஹென்றி விக்கம் அமேசன் கரையிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனின் கியூ பூங்காவுக்குக் கொண்டுசென்றார். முளைத்தவை சில ஆயிரங்களே. அவற்றுள் 1,919 கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன; பெரும்பாலானவை கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. ஆசியத் தோட்டங்களின் பெரும்பகுதி இச்சிறு கூட்டத்தின் சந்ததியே. அத்திவாரமே ஒடுக்கமானது. அதன்மேல் ஒட்டுக்கட்டும் முறை வந்தது. ஒரு தாய்மரத்தின் மொட்டை ஆயிரம் கன்றுகளில் ஒட்டினால் ஆயிரமும் பரம்பரையால் அந்த ஒரே மரம்தான். பால் சீராகக் கிடைக்கும், உண்மை. நோயும் அவ்வாறே சீராகக் கிடைக்கும்.

அகலவத்தை இறப்பர் ஆராய்ச்சி நிலையம் ஆர்.ஆர்.ஐ.சி. 52 என்ற இனத்தைப் பி.பி. 83 உடன் கலந்து 100 ஐயும், பி.பி. 86 உடன் கலந்து 103 ஐயும் பெற்றது. இரண்டுக்கும் ஒரு பெற்றோர் பொது. 103 விரைந்து வளர்ந்தது, நல்ல பாலும் தந்தது. விரும்பி நட்டார்கள். 1980களின் நடுப்பகுதியில் கொரினெஸ்போரா என்னும் பங்கசு வந்தது. இலைகள் திரும்பத் திரும்ப உதிர்ந்தன, கிளைகள் நுனியிலிருந்து காய்ந்தன. சுமார் 4,000 ஹெக்டேயரில் 103 வேரோடு பிடுங்கப்பட்டது. 100 தாக்குப்பிடித்தது. பங்கசு வருமுன் பால் கணக்கேட்டைப் புரட்டி இந்த வேறுபாட்டை எவராலும் சொல்லியிருக்க முடியாது. ஆகவே இனத்தை உருவாக்கிய விஞ்ஞானிகளை நான் குறைகூறமாட்டேன். மலைமலையாக ஒன்றையே நட்ட பேராசையைத்தான் குறைகூறுகிறேன்.

இறப்பர்க் கன்று வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் வேண்டும். நட்டது பிழைத்தால் சிற்றுடைமையாளனுக்கு அத்தனை ஆண்டுகளும் வீண். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி லயன்களில் வாழும் பால்வெட்டுத் தொழிலாளிக்கோ மரம் போனால் வேலையும் போகும். எந்த இனத்தை நடுவது என்று முடிவெடுக்கும் மேசையில் அவளுக்கு ஒருபோதும் கதிரை போடப்பட்டதில்லை.

“இப்போது எதிர்ப்புச் சக்தியுள்ள இனங்கள் உண்டே” என்பார்கள். எந்த நோய்க்கு எதிர்ப்பு? 2019 இல் பெஸ்டலோசியொப்சிஸ் என்ற புதிய இலையுதிர் நோய் இங்கு வந்து சேர்ந்தது. அமேசனில் 1928 இல் தொடங்கிய ஹென்றி ஃபோர்டின் தோட்டங்களைத் தென்னமெரிக்க இலைக்கருகல் சிதைத்தது. 1945 இல் அவற்றை ஃபோர்ட் நிறுவனம் பிரேசிலிடமே கையளித்தது. அந்நோய் இன்னும் ஆசியாவில் காலூன்றவில்லை. காலூன்றினால் எமது ஒட்டுமரங்களில் மிகப் பெரும்பாலானவை அதற்கு இரையாகக்கூடியவை.

1981 இல் சர்வதேசக் குழுவொன்று அமேசன் காடுகளில் 60,000 க்கும் மேற்பட்ட விதைகளைத் திரட்டியது. அதன் ஒரு பங்கு இலங்கைக்கும் வந்தது. பால் குறைந்த காட்டு மரங்கள் என்று அவற்றை அலட்சியம் செய்வோர் உண்டு. நாளைய நோய்க்கான மருந்து அவற்றுள்தான் இருக்கக்கூடும். அவற்றைப் பேணப் பணம் ஒதுக்க வேண்டும். ஒரு தோட்டத்தில் ஓர் இனம் இத்தனை வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது வெறும் ஆலோசனையாக இல்லாமல் மறுநடுகை மானியத்தின் நிபந்தனையாக வேண்டும். ஒவ்வொரு கம்பனியும் எந்த மலையில் எந்த இனம் நிற்கிறது என்ற பட்டியலைப் பகிரங்கப்படுத்த வேண்டும். அங்கே பால் வெட்டுபவர்களுக்கு விளங்கும் மொழியிலும் அது இருக்க வேண்டும்.