சில்லுகளை இணைக்கலாம், தொழிலாளர்கள் இணையக் கூடாதா?

கம்ப்யூட்டரின் மூளையை ஒரே பெரிய சிலிக்கன் சில்லாகச் செய்வதா, பல சிறு சில்லுகளாகச் செய்து ஒரே தட்டில் பொருத்துவதா? இது எஞ்சினீயர்கள் விவகாரம், நமக்கென்ன என்று சிலர் கேட்கிறார்கள். நமக்கும் இதில் அக்கறை உண்டு!

விஷயம் இதுதான். சில்லு பெரிதாகப் பெரிதாக அதில் பழுது விழும் வாய்ப்பும் கூடுகிறது. ஒரு தூசி போதும், முழுச் சில்லும் குப்பைக்குப் போகும். சிறு சில்லுகளானால் பழுதானது மட்டுமே போகும்.

அமெரிக்கக் கம்பெனி ஏ.எம்.டி. தானே வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2017-ல் வந்த அதன் 32 கோர் 'எபிக்' பிராசஸரில் நான்கு சில்லுகள்; மொத்தப் பரப்பு 852 சதுர மில்லிமீட்டர். ஒரே சில்லாகச் செய்திருந்தால் 777 போதும். சிலிக்கன் கூடுதலாகத்தான் செலவாயிற்று. ஆனால் உற்பத்திச் செலவோ ஒற்றைச் சில்லுக்கு ஆகக்கூடியதில் 59 சதவீதந்தான்!

ஒற்றைச் சில்லை நாம் குறை சொல்லவில்லை. அதற்குள் சமிக்ஞை விரைவாக ஓடும், மின்சாரமும் குறைவு. சில்லு விட்டுச் சில்லு தாண்டும்போது இரண்டிலும் நஷ்டம். பல சில்லு முறை புதிய அதிசயமும் அல்ல. ஐ.பி.எம். 1980-ல் அறிவித்த 3081 யந்திரத்தில், ஒரே பீங்கான் தட்டில் நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகளைப் பதித்துத் தண்ணீரால் குளிர்வித்தார்கள்.

சரி, இந்தச் சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் வேலை எங்கே நடக்கிறது? மலேசியாவின் பினாங்கு இதில் பெயர் பெற்ற இடம். 1972-லேயே இன்டெலும் ஏ.எம்.டி.யும் அங்கே ஆலை வைத்தன. கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள் பூதக்கண்ணாடி வழியே பார்த்து, மயிரிழைக் கம்பிகளைச் சில்லில் ஒட்டினார்கள். சங்கம்? 1988 வரை எலெக்ட்ரானிக்ஸ் தொழிலாளர்களுக்கு அந்த உரிமை மறுக்கப்பட்டது. 1988-ல் கிடைத்ததும் ஆலைக்கு ஆலை தனிச் சங்கந்தான். சில்லுகள் சேர்ந்தால் லாபம். தொழிலாளர்கள் சேர்ந்தால் ஆபத்து! இதுதான் முதலாளிகளின் விஞ்ஞானம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நான்கு சில்லு பிராசஸர் வருவதற்கு முந்திய ஆண்டு, 2016-ல், ஏ.எம்.டி. தன் பினாங்கு, சூச்சோ ஆலைகளின் 85 சதவீதப் பங்கை ஒரு சீனக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. பொருத்தும் வேலைக்கு மவுசு கூடும் வேளையில், பொருத்தும் கைகளுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் வேறொருவர்!

செலவில் 41 சதவீதம் மிச்சம் என்று கணக்குக் காட்டத் தெரிந்தவர்கள், பொருத்தும் ஆலைகளின் சம்பளப் பட்டியலையும் அதே மேடையில் வெளியிடட்டும்.