எந்த டெர்மினல் பெயரைக் கொடுப்பது?

தொலைவிலுள்ள சர்வரில் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து ஒரு கோப்பைத் திறக்கிறீர்கள். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. எஃப்5 விசையைத் தட்டினால் கோப்புக்குள் ஓர் அலைக்குறி வந்து விழுகிறது. நெட்வொர்க் சரியில்லை என்று பலர் இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி நுழைகிறார்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கே இல்லை. நாம் கொடுத்த பெயரில் இருக்கிறது.

இணையும்போது உங்கள் மென்பொருள் "நான் இன்ன வகை டெர்மினல்" என்று ஒரு பெயரைச் சொல்கிறது. சர்வர் அந்தப் பெயரை டெர்மின்ஃபோ என்ற பட்டியலில் தேடுகிறது. திரையைத் துடைக்க எந்தக் குறியீட்டை அனுப்புவது, வண்ணம் உண்டா, மேல் அம்புக்குறியை அழுத்தினால் என்ன வரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் ஜன்னல் உண்மையில் எப்படிப்பட்டது என்று சர்வர் சோதிப்பதில்லை. பெயரை அப்படியே நம்புகிறது. ஆகவே பெயர் உண்மையாக இருக்க வேண்டும், சர்வருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"எதற்கும் விடி100 என்றே வைத்துக்கொள்" என்பது பழைய அறிவுரை. டெக் நிறுவனம் 1978இல் வெளியிட்ட அந்தக் கருவியில் 80 எழுத்து அகலம், 24 வரி. வண்ணம் கிடையாது, இன்றைய எஃப் விசை வரிசையும் கிடையாது. அந்தப் பெயரைக் கொடுத்தால் வேலை நடக்கும். வண்ணமும் பல விசைகளும் போய்விடும். இன்றைய டெர்மினல் எமுலேட்டர்களில் பெரும்பாலானவை 1984இல் பிறந்த எக்ஸ்டெர்மைப் பின்பற்றுகின்றன. லினக்ஸ் சர்வர் என்றால் எக்ஸ்டெர்ம்-256கலர்தான் என் தேர்வு. பழைய இயந்திரத்துக்கு அது தெரியாவிட்டால் வெறும் எக்ஸ்டெர்ம். அதுவும் தெரியாவிட்டால் மட்டுமே விடி100.

கிட்டி போன்ற புதிய எமுலேட்டர்கள் தங்கள் சொந்தப் பெயரை அனுப்பும். சர்வர் "தெரியாத டெர்மினல்" என்று மறுத்தால், அந்தப் பெயருக்கான விவரத்தைச் சர்வரில் ஏற்றிவிடுவதே சரியான வழி. பெயரை பேஷ் தொடக்கக் கோப்பில் நிரந்தரமாக எழுதிவைக்காதீர்கள். டிமக்ஸ் போன்ற மென்பொருளுக்குள் பெயர் வேறாக இருக்க வேண்டும். அங்கே அது குழப்பும்.

ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் 3270 டெர்மினல் வேறு உலகம். விடி வகையில் ஒவ்வொரு விசையும் உடனே போகும். 3270இல் திரையை நிரப்பி என்டர் போன்ற விசையைத் தட்டினால்தான் மொத்தமாகப் போகும். அங்கே நமக்குத் தேர்வே இல்லை.

பேக்ஸ்பேஸ் மட்டும் அடம்பிடித்தால் பெயரை மாற்ற வேண்டாம். அந்த விசை 127, 8 ஆகிய இரண்டு குறியீடுகளில் எதை அனுப்புகிறது என்பதே கேள்வி. புட்டி மென்பொருளில் கீபோர்டு பகுதியிலேயே அதை மாற்றிக்கொள்ளலாம்.