ராயபுரத்துக்கு ஓர் இசைத்தட்டு அறை

பழைய ஜாஸ் இசைத்தட்டுகளைத் தேடி வாங்கும் மோகம் நமது நகரத்து இளைஞர் சிலரிடையே அண்மைக் காலத்தில் வளர்ந்திருக்கிறது. அவ்வாறு வாங்கப்படும் தட்டுகளுள் சில, ஒருமுறைகூடச் சுழலாமலே வரவேற்பறைச் சுவரில் சித்திரம்போல் மாட்டப்பட்டுவிடுவதும் உண்டு. வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்படும் எல்.பி. ஒன்றுக்கு மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் கொடுப்பவரை நான் குறைகூறப் போவதில்லை. அவரவர் பணம், அவரவர் ஆசை. ஆயினும், அந்தச் சங்கீதம் பிறந்த இடத்தையும், அதை அழிவிலிருந்து காத்த சேகரிப்பாளர்கள் செய்த காரியத்தையும் எண்ணிப் பார்த்தால், இசைத்தட்டுச் சேகரிப்பு அலமாரியோடு முடிந்துபோகிற விஷயமன்று என்பதும், சென்னையில் அதற்கு உரிய இடம் ஆழ்வார்பேட்டையோ அண்ணா சாலையோ அன்று, ராயபுரமே என்பதும் என் அபிப்பிராயம்.

ஜாஸ் துறைமுகத்தில் பிறந்தது. மிசிசிப்பி நதிக்கரையிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில், கப்பல்துறையில் மூட்டை சுமந்தோரும், சுருட்டுச் சுற்றினோரும், சுவருக்குப் பூச்சுப் பூசினோருமான கறுப்பின மக்கள், பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் வாத்தியம் எடுத்தார்கள். இறந்தவரை இடுகாட்டுக்குப் பித்தளை வாத்தியங்களோடு கொண்டுபோவதும், போகையில் சோக கீதமும் திரும்புகையில் கால்கள் தாமே ஆடத் தொடங்கும் உல்லாச கீதமும் வாசிப்பதும் அவர்கள் சம்பிரதாயம். காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ பிறந்து வளர்ந்தவரிடம் இதைச் சொன்னால், சாவுக்கு ஆட்டம் போடுவதில் என்ன அதிசயம் என்றுதான் கேட்பார்.

ஜாஸ் தட்டுகள் ஒரு காலத்தில் ராயபுரத்து வீடுகளில் சுழன்றிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தை அண்டி, ரயில்வே உத்தியோகத்திலிருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்களுக்கு நடனமும் கிராமபோனும் சகஜம். கூப்பிடு தூரத்தில் துறைமுகம். சுதந்திரத்துக்குப் பின் அக்குடும்பங்களிற் பல இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறியபோது, கனமானதும் எளிதில் உடைவதுமான தட்டுகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனவர்கள் சிலராகவே இருந்திருப்பார்கள். எஞ்சியவை காயலான் கடைக்கும், 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டுக்கும் போயிருக்க வேண்டும். வீட்டிலேயே தங்கியவற்றுக்கும் க்ஷேமமில்லை: கடற்காற்றின் ஈரத்தில் உறை பூசணம் பூக்கும், துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியின் தூசி தட்டின் வரிகளுக்குள் புகும். உயர் நீதிமன்ற ஆணைக்குப் பின் 2011-இல் அந்தக் கரி வியாபாரம் எண்ணூருக்கு மாறியது. தூசியும் உடன் குடிபெயர்ந்தது என்பதை எண்ணூர்வாசிகள் அறிவார்கள்.

இத்தட்டுகள் விஷயத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற அந்நாளைய தட்டுகளுக்கு அரக்கே முக்கியச் சரக்கு. உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி, சோட்டா நாகபுரி வட்டாரத்துக் காடுகளில் சேகரிக்கப்பட்டு, கல்கத்தாத் துறைமுகம் வழியே போயிற்று. லூயி ஆம்ஸ்ட்ராங் 1928-இல் வாசித்த ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ தட்டிலும் நம் நாட்டு அரக்குப் பூச்சிக்குப் பங்கிருந்திருக்கலாம். அத்தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகவே இடம். நம் வித்வான்கள் ஒரு ராகத்தை அந்த அற்ப அவகாசத்துக்குள் அடக்கப் பட்ட அவஸ்தையையே ஜாஸ் வித்வான்களும் பட்டார்கள். 1948-இல் எல்.பி. வந்து, பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் அவகாசம் கிடைத்த பிறகுதான், அவர்களுடைய மனோதர்மம் தட்டிலும் கால் நீட்டி உட்கார்ந்தது. ஊசியை வைத்துவிட்டு, அந்தப் பக்கம் முடியும்வரை எழுந்திராமல் கேட்பவருக்கே அது பிடிபடும்.

சென்னை இச்சங்கீதத்தை நேரிலும் கேட்டிருக்கிறது. அமெரிக்க அரசு அனுப்பிய கலாசாரத் தூதர்களாக 1958-இல் டேவ் புரூபெக்கும், 1963-இல் ட்யூக் எலிங்டனும் இந்தியாவைச் சுற்றியபோது இங்கும் வாசித்தார்கள். ஆனால் 1971 வரை மதுவிலக்கு அமலிலிருந்த இந்நகரில், கல்கத்தாவைப்போல் ஹோட்டல்தோறும் இரவு வாத்தியக் கோஷ்டிகள் தழைக்க வழியில்லை. மேனாட்டு வாத்தியம் கற்றவருக்குச் சோறு போட்டது கோடம்பாக்கமே. 1964-இல் வெளிவந்த ‘சர்வர் சுந்தர’த்தில் எம்.எஸ்.விஸ்வநாதனும் அவருடைய வாத்தியக்காரர்களும் திரையிலேயே தோன்றி ஒரு பாட்டைப் பதிவு செய்யும் காட்சியைப் பார்த்தவர்கள் அதை உணர்வார்கள். அந்தக் கலைஞருள் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

பெயர் தெரியாமற்போவது சிறிய நஷ்டமன்று. ஜாஸ் சங்கீதத்தின் மூலபுருஷராகக் கருதப்படும் பட்டி போல்டன் என்னும் கார்னெட் வித்வான் 1907-இல் மனநோய் மருத்துவமனைக்குள் போனவர், 1931-இல் அங்கேயே மாண்டார். அவர் வாசித்ததில் ஒரு விநாடிகூட இன்று கேட்கக் கிடைக்கவில்லை. முதல் ஜாஸ் தட்டு என்ற கீர்த்தி, 1917-இல் நியூயார்க்கில் பதிவான ஒரு வெள்ளையர் கோஷ்டிக்குப் போயிற்று. கறுப்பின வித்வான் கிங் ஆலிவரின் குழுவும், அதில் இளைஞராயிருந்த ஆம்ஸ்ட்ராங்கும் பதிவாக 1923 வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவும் ரயில் பாதையோரத்து ஒலிப்பதிவுக் கூடமொன்றில், வண்டி கடந்துபோகும்வரை வாத்தியத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்தது. யாருடைய இசை நிலைக்க வேண்டுமென்பதைக் கம்பெனிகள் தீர்மானித்தன. அந்தத் தீர்மானத்தைப் பிற்பாடு ஓரளவு திருத்தியவர்கள், பழந்தட்டுகளைக் கடைகடையாகத் தேடிய ரசிகர்களே.

அவர்களுள் பில் ரஸ்ஸல் முதலான சிலர், நியூ ஆர்லியன்ஸின் பழங்கதைகளை விசாரித்துக்கொண்டு போகையில், பங்க் ஜான்சன் என்னும் டிரம்பெட் வித்வான், பற்கள் போய், வாத்தியமும் இழந்து, லூயிசியானாவின் சிற்றூர் ஒன்றில் கூலிவேலை செய்து பிழைப்பதைக் கண்டுபிடித்தார்கள். பல்லும் டிரம்பெட்டும் கிடைத்தால் இன்னும் வாசிப்பேன் என்று அவர் எழுதினார். அவர்கள் பணம் திரட்டிப் பல் கட்டுவித்து, வாத்தியமும் வாங்கிக்கொடுத்தார்கள். 1942-இல் அவர் வாசிப்பு முதன்முதலாகத் தட்டில் ஏறியது. போல்டனோடு வாசித்தவன் என்று அந்தக் கிழவர் பெருமையடித்ததையும், வயதைக் கூட்டிச் சொன்னதையும் பிற்கால ஆராய்ச்சியாளர் சந்தேகிக்கிறார்கள், சந்தேகிக்கட்டும். தட்டைத் தேடியவர்கள் மனிதனைத் தேடிச் சென்றார்கள் அல்லவா? சேகரிப்பு என்னும் பெயருக்கு உரியது அதுவே.

நமக்கும் அத்தகைய தேடல் காத்துக் கிடக்கிறது. துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் ஆலைத் தொழிலாளரும் வாழும் வடசென்னையின் வீதிகளில், சாவு வீட்டு வாசலில் விடிய விடியப் பாடப்பட்ட கானா, சினிமா தொட்ட பிறகே மற்றவர் காதில் விழுந்தது. அதற்கு முன் பாடியவர்கள் நம்முடைய போல்டன்கள். ஒலிநாடாக்களில் பதிவானவையும், நாடா ஒட்டிக்கொண்டும் பூஞ்சை பிடித்தும் அழிந்து வருகின்றன. எல்லாம் கைப்பேசியில் கிடைக்கிறதே என்பவருக்கு ஒரு வார்த்தை: எவரேனும் பத்திரப்படுத்தி ஏற்றியது மட்டுமே அதில் கிடைக்கும். ஜாஸ் எல்.பி.யின் உறையில் யார் பியானோ, யார் டிரம்ஸ், பதிவு எந்த நாள் என்று பெரும்பாலும் அச்சிட்டிருக்கும்; கானாவுக்கு டோலக் அடித்தவர் பெயரை எந்த உறையில் தேடுவது?

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்த நூல்களே, அவர் மறைந்த பின் 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயின. அச்சுக்கு நடந்தது ஒலிக்கும் நடக்கலாம். 2024-இல் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் பாலத்துக்கும் பள்ளிக்கும் ஒதுக்கும் தொகையின் ஒரு துளி போதும்: ராயபுரத்து நூலகம் ஒன்றில் ஈரம் புகாத ஓர் அறை, நல்ல ரிக்கார்டு பிளேயர் ஒன்று, நாடாக் கருவி ஒன்று, தூசி துடைக்கவும் பெயர் எழுதி வைக்கவும் தெரிந்த ஒருவர். சுவரில் தட்டு மாட்டியிருக்கும் அன்பர்கள் அவற்றை இறக்கி, மாதம் ஒரு நாளேனும் அங்கே கொண்டுவந்து போடட்டும். வட்டாரத்து மக்கள் பரணிலிருக்கும் நாடாக்களைக் கொண்டுவந்து படியெடுத்துக்கொண்டு போகட்டும். பாடியவர்களும் டோலக் அடித்தவர்களும் உயிரோடிருந்தால் அவர்களையும் அழைத்து, உரிய சன்மானம் கொடுத்து, பாட்டையும் பெயரையும் பதிந்துகொள்ள வேண்டும். அந்தச் சன்மானத்துக்கு வருஷந்தோறும் தனி நிதி ஒதுக்காமல் அறையை மட்டும் திறந்துவைப்பதில் பிரயோஜனமில்லை.