ஊருக்குத் திரும்ப வேண்டிய அறிவு

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் மொழி. அச்செல்வம் ஒருவர் தனியே ஈட்டிப் பெட்டியில் பூட்டி வைக்கக்கூடியதன்று. அண்டை வீட்டில் காசநோய் இருக்க, நம் வீடு மட்டும் அச்சமின்றி இருத்தல் அரிது. மருத்துவர் ஒருவரது நோயைத் தீர்க்கிறார். பொதுச் சுகாதார இயலோ ஊருக்கு நோய் வரும் வழியை ஆராய்ந்து அடைக்கிறது. இவ்வியலுக்கெனத் தனிக் கல்விக்கூடத்தை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1916-இல் நிறுவியது. கல்கத்தாவில் 1932-இல் ஒரு நிறுவனம் எழுந்தது. ஆயினும் இவ்வியலின் பேராய்வுகள் எங்கோ தொலைவில் நடப்பவை என எண்ணிவிடலாகாது. நம் வானகரத்தைச் சூழ்ந்த பகுதிகளே அவற்றில் பங்கு கொண்டுள்ளன.

வானகரத்துக்கு மேற்கே, பூந்தமல்லியையும் கடந்தால் திருவள்ளூர் வட்டாரம். அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த அப்பகுதியில், 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கிற்று. ஏறத்தாழ 3,60,000 மக்கள் கணக்கெடுக்கப்பட்டனர். சிலருக்கு மருந்தும் சிலருக்கு வெறும் நீர்மமும் செலுத்தி, பதினைந்து ஆண்டுகள் கண்காணித்தனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்பதே முடிவு. குழந்தைகளைக் கொடிய காசநோயினின்று காப்பதால் அது இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடப்படுகிறது.

தெற்கே போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் முதலியவற்றோடு இணைந்து அடுப்புப் புகையை ஆராய்ந்தது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கருவுற்ற பெண்கள் அதில் பங்கேற்றனர். விறகடுப்புக்கு மாற்றாக எரிவாயு அடுப்பு வழங்கியதால் தாய்மார் சுவாசித்த புகை வெகுவாகக் குறைந்தது. குழந்தைகளின் பிறப்பு எடையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2022-இல் இம்முடிவை ஒளிக்காமல் வெளியிட்டனர்.

எதிர்பார்த்தது கிட்டாதபோதும் ‘இல்லை’ என்று உரைப்பதே ஆய்வறம். ஆனால் அவ்வறம் இன்னும் பாதி வழியிலேயே நிற்கிறது என்பது நம் கருத்து. கையை நீட்டியவரும் கதவைத் திறந்தவரும் தமிழ் பேசும் மக்கள். அறிக்கைகள் வெளியானதோ ஆங்கிலத்தில். நம்பி ஒப்படைத்த பொருள் அமானிதம் எனில், மக்கள் தந்த உடற்செய்தியும் அமானிதமே. அதைத் திருப்பியளிக்கும் வழி, முடிவை அவர்கள் மொழியில் அவர்களிடமே சொல்வதாகும்.

இது மருத்துவக் கல்லூரிகளின் வேலை, தமிழ்த் துறைக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பாருண்டு. களப்பணியாளர் ஒரு தாயிடம் ‘சோர்வு உண்டா?’ எனக் கேட்கலாம், ‘அசதியா இருக்கா?’ எனவும் கேட்கலாம். சொல் மாறினால் விடை மாறும். விடை மாறினால் கணக்கே பிழைபடும். ஒப்புதல் படிவம் விளங்காமல் இடும் கையெழுத்து ஒப்புதலுமன்று. சொல்லின் எடையறிந்த தமிழ் மாணவர் இங்கே தேவைப்படுகிறார்.

அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில், 1999-இல் உருவான தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இயங்குகிறது. கொரோனாத் தொற்று நாட்டில் எவ்வளவு பரவியது என்பதை 2020-இல் குருதிச் சோதனை வழியே கணக்கிட்டதில் அந்நிறுவனத்திற்குப் பெரும் பங்குண்டு. இத்தகைய நிறுவனங்களின் ஆய்வறிக்கை ஒன்றையேனும் ஆண்டுதோறும் எளிய தமிழில் எழுதி, ஆய்வாளரிடம் காட்டித் திருத்தி, வானகரத்து மக்கள் முன் நம் மாணவர் படித்துக் காட்டலாம். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் உதவித்தொகை வழங்கும் சமுதாயப் பெரியோர், பொதுச் சுகாதாரம் பயில விரும்பும் ஒருவருக்கேனும் கைகொடுக்கலாம்.

ஊரிலிருந்து பெற்ற அறிவு ஊருக்குத் திரும்பட்டும். அதைச் சுமந்து செல்லும் பணியைத் தமிழ்த் துறை ஏற்கட்டும் என்பதே நம் வேண்டுகோள்.