இரைப்பு ஒன்றா, இரண்டா?

ஆஸ்துமா என்று வைத்தியர்கள் கூறும் இரைப்பு நோய் நம் இல்லங்களுக்குப் புதிதன்று. மார்கழி இரவைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கழிக்கும் பாட்டியோ, பந்தாட்டத்தை ஓரமாக நின்று பார்க்கும் சிறுவனோ இல்லாத தெரு அருமை. ஆயினும், ஒரே மருந்து ஒருவருக்கு அமிர்தமாகவும் இன்னொருவருக்கு வெறுங் காற்றாகவும் முடிவதேன்? மருந்து பிடிக்காதவரை, "பத்தியம் தவறினாய், சரியாக உறிஞ்சவில்லை" என்று வீட்டார் கடிந்து கொள்வதே வழக்கம். அக்கடிதல் எப்போதும் நியாயமாகாது. அதற்குச் சாட்சி நோயாளியின் மூச்சுக் குழலுக்குள்ளேயே இருக்கிறது.

நம் தேகத்தின் உயிரணுக்களில் ஏறக்குறைய ஒவ்வொன்றிலும், புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் சுமார் 20,000 உண்டு. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே பாடப் புஸ்தகம் இருக்கிறது. எல்லோரும் ஒரே பக்கத்தையா பிரித்து வைத்திருக்கிறார்கள்? (உபமானம் நம் தொழிலைக் காட்டிக் கொடுக்கிறது, வாசகர்கள் பொறுத்தருள்க.) எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எவ்வளவு உரக்க வாசிக்கப்படுகிறது என்பதையே மரபணு வெளிப்பாடு என்கிறார்கள்.

அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா ஸர்வகலாசாலையில் பிரஸ்காட் உட்ரப், ஜான் பாஹி முதலிய ஆராய்ச்சியாளர்கள் இந்த வாசிப்பை ஒட்டுக் கேட்டார்கள். மெல்லிய குழாயை மூச்சுக் குழலில் இறக்கி, சிறு தூரிகையால் உட்புறத்தை வருடி உயிரணுக்களைச் சேகரித்தார்கள். நோய் கடுமையாக இல்லாத 42 ஆஸ்துமாக்காரர்களையும், ஆரோக்கியமுள்ள 28 பேரையும் ஒப்பிட்டார்கள். இன்டர்லூகின் 13 என்பது உடலின் காவற்படை அனுப்பும் ஒரு கட்டளை. கோழையைப் பெருக்குவதும் அதுவே. அக்கட்டளை கிடைத்ததும் உரக்க வாசிக்கப்படும் மூன்று மரபணுக்களை அவர்கள் கவனித்தார்கள். அவற்றுள் ஒன்றின் பெயர் பெரியோஸ்டின்.

2009-இல் வெளியான முடிவு வைத்திய உலகை யோசிக்க வைத்தது. நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடமே அம்மூன்றும் ஓங்கி ஒலித்தன. மற்றப் பாதியினரிடம், நோயற்றவரிடம் காண்பது போலவே அடங்கிக் கிடந்தன. ஆனால் இரைப்பு இருவருக்கும் உண்டு! புளூடிகஸோன் என்னும் ஸ்டிராய்டு மருந்தை உறிஞ்சக் கொடுத்த போது, முதல் வகையினரின் மூச்சு பலப்பட்டது. இரண்டாம் வகையினருக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. அவர்கள் பத்தியம் தவறியவர்கள் அல்லர்.

மெபோலிஸுமாப் என்ற ஊசி மருந்தின் கதையும் இத்தகையதே. நோயாளிகளைப் பிரித்துப் பாராமல் கொடுத்தபோது அது ஏமாற்றியது. இயோஸினோபில் என்ற வெள்ளணு மிகுந்தவர்களைத் தேர்ந்து கொடுத்தபோது நோய்த் தாக்குதல்கள் குறைந்தன என்று 2009-இல் தெரிந்தது. 2015-இல் அமெரிக்க அரசாங்கம் அதை அங்கீகரித்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் கையிலுள்ள இன்ஹேலரைப் பரண்மேல் போட்டுவிடக் கூடாது. யார் எவ்வகை என்பது இரைப்பின் சப்தத்தைக் கேட்டால் விளங்காது. அடுத்த வீட்டு மாமிக்குக் கேட்ட மருந்தைக் கடன் வாங்கினாலும் விளங்காது. அதற்காக எல்லோர் மூச்சுக் குழலிலும் தூரிகையை விடவும் வேண்டியதில்லை. இரத்தத்தில் இயோஸினோபில் எவ்வளவு என்று எண்ணுவதும், வெளிவிடும் மூச்சில் நைட்ரிக் ஆக்ஸைடை அளப்பதும் வைத்தியருக்குப் பெரும்பாலும் வழி காட்டுகின்றன. மருந்து பிடிக்கவில்லையென்றால், உறிஞ்சும் முறையைச் சரிபார்த்த பிறகு, இவ்விரண்டையும் பற்றி அவரிடம் கேட்கலாம்.