‘ஒன்றுமில்லை’ என்பது ஒரு விடையா?

நம் இல்லங்களில் தலைவலிக்குப் பெயருண்டு, வயிற்று நோவுக்குப் பெயருண்டு. மார்பில் தோன்றும் நோவுக்கு மட்டும் பெயரில்லை. ‘அங்கே ஏதோ செய்கிறது’ என்று ஒருத்தி சொன்னால், அதற்கு மேல் அவளும் சொல்வதில்லை, கேட்பவரும் கேட்பதில்லை. பல மாதங்கள் கழித்து, துணிவை வரவழைத்துக்கொண்டு அவள் மருத்துவரிடம் சென்றால், தொட்டும் பாராமல், எழுதியும் தராமல், ‘ஒன்றுமில்லை, போங்கள்’ என்ற இரண்டே சொற்களோடு திருப்பி அனுப்பப்படுகிறாள். வீட்டின் மௌனமும் மருத்துவ அறையின் அலட்சியமும் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன. இவ்விரண்டையும் ஒருசேரக் கண்டிக்கவே இக்கட்டுரை.

ஓசூரின் தொழிற்பேட்டையை எண்ணிப் பாருங்கள். அங்கே கைக்கடிகாரம் செய்கிறார்கள், வாகனம் செய்கிறார்கள், மின்னணுக் கருவிகளின் பாகங்கள் செய்கிறார்கள். ஐயத்துக்குரிய ஓர் உதிரிப்பாகத்தை எந்த மேற்பார்வையாளரும் ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுவதில்லை. அளக்கிறார், மீண்டும் அளக்கிறார், அளந்ததைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடுகிறார். அதே தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்ணின் உடலில் ஐயம் தோன்றினால் மட்டும் அளவுகோல் எங்கே போயிற்று? இரும்புக்குக் கிடைக்கும் சோதனை இரத்தமும் சதையுமான பெண்ணுக்கு வேண்டாமா?

முதலில் அச்சத்தை அகற்றுவோம். மார்பில் தோன்றும் எல்லாமே புற்றுநோய் அன்று. பெரும்பாலானவை அன்று என்பதே மருத்துவ உண்மை. மாதவிலக்கை ஒட்டி வந்து போகும் வலியுண்டு, இளம் பெண்களுக்கு வரும் நார்க்கட்டியுண்டு, நீர்க்கட்டியுண்டு, பாலூட்டும் தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு சீழ் பிடிப்பதுண்டு. நம் நாட்டில் காசநோய்கூட மார்பகத்தில் கட்டியாக வருவதுண்டு. ஆனால் புற்றுநோயும் இவற்றைப் போலவே வேடமிட்டு வரக்கூடும். சிவந்து வீங்கி, வெறும் அழற்சியைப் போலத் தோன்றும் வகையும் அதில் உண்டு. வலியில்லாத கட்டிதானே என்று ஆறுதல் கொள்கிறோம். வலியில்லாத கட்டியையே மருத்துவர்கள் கூடுதலாக ஐயுறுகின்றனர். காம்பு உள்ளிழுத்தல், ஒரு பக்கக் காம்பிலிருந்து இரத்தம் கசிதல், ஆரஞ்சுப் பழத்தோல் போல் தோல் தடித்தல், காம்பில் ஆறாத புண், அக்குளில் கட்டி ஆகிய எதையும் நாளைக்கென்று தள்ளலாகாது.

வேடத்தைக் களைய வழி என்ன? மருத்துவ உலகம் மூன்று படிகளை வகுத்திருக்கிறது. ஒன்று, கையால் முறையாகத் தொட்டுப் பரிசோதித்தல். இரண்டு, படம் எடுத்தல். இளவயதினர்க்கு அல்ட்ரா சவுண்டு ஸ்கேன், நாற்பதைக் கடந்தவர்க்கு மேமோகிராமும். மூன்று, ஐயம் தீராதபோது ஊசியால் சிறிது சதையெடுத்துச் சோதிக்கும் பயாப்சி. மூன்றும் ஒரே முடிவைச் சொன்னால் நிம்மதியாக உறங்கலாம். ஒன்று மட்டும் மாறுபட்டாலும் தேடலை நிறுத்தலாகாது. சீழென்று எண்ணிக் கொடுத்த மாத்திரை முடிந்த பின்னும் வீக்கம் வடியவில்லையென்றால், அதே மாத்திரையை மறுபடியும் எழுதுவது வைத்தியமாகாது. ‘ஊசி குத்தினால் நோய் பரவிவிடும்’ என்று அண்டை வீட்டார் சொல்வதும் ஆதாரமற்ற பேச்சு. அப்பேச்சை நம்பி வீணான மாதங்கள்தாம் நோயைப் பரப்புகின்றன.

‘நாளொன்றுக்கு நூறு பேரைப் பார்க்கும் மருத்துவர் ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?’ என்று கேட்பார் உண்டு. அவர்தம் சுமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இது மார்வலி, இன்ன காரணத்தால் வருகிறது, இத்தனை வாரத்தில் குறையாவிட்டால் மறுபடியும் வா என்று சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? காரணம் தெரியவில்லையெனில், ‘இன்னும் தெரியவில்லை, அடுத்து இச்சோதனை செய்வோம்’ என்று சொல்வது இழுக்கன்று, நேர்மை. நோயாளி கேட்டால் மருத்துவக் குறிப்புகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமையையும், ஆண் மருத்துவர் பரிசோதிக்கையில் மற்றொரு பெண் உடனிருக்கும் உரிமையையும் தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வெளியிட்ட நோயாளர் உரிமைச் சாசனம் எடுத்துரைக்கிறது. கேட்பது அடாவடி ஆகாது, அஃது உரிமை.

நம் எல்லைப் பகுதிக்கென்றே ஓர் இன்னலுண்டு. நம் பெண்களில் பலர் வீட்டில் உருது பேசுகிறார்கள், கடைவீதியில் தமிழ், அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூர் போனால் கன்னடம், கையில் கிடைக்கும் அறிக்கையோ ஆங்கிலம். நான்கு மொழிகளுக்கிடையே அவளுடைய நோவு ஊமையாகிவிடுகிறது. உடன் செல்லும் கணவனிடமே மருத்துவர் பேசுகிறார். கணவன் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்கிறான். தன் உடலைப் பற்றிய செய்தி அவளுக்கே கடைசியாக வந்து சேர்கிறது. இது நீதியா?

இனி, மானத்தைக் காரணம் காட்டுவோருக்கு ஒரு சொல். மறைக்க வேண்டியதை மறைப்பது நம் மார்க்கம் கற்பித்த ஒழுக்கம், அதில் ஐயமில்லை. ஆனால் நோய்க்கு மருந்து தேடச் சொன்னதும் அதே மார்க்கம்தான். பெண் மருத்துவர் கிடைத்தால் அவரை நாடுவதும், கிடைக்காத இடத்தில் தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவர் பார்ப்பதும் ஆகுமென்று சட்ட மேதைகள் தெளிவாகவே எழுதிவைத்துள்ளனர். பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்திலேயே ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி காயமுற்ற வீரர்களுக்குக் கூடாரமமைத்துச் சிகிச்சை செய்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி, மார்பகப் புற்று சிறிதாக, தொடக்க நிலையில் இருந்தால் அகற்றலாம். முற்றிப் பெருத்தபின் கத்தி வைக்காதீர் என்று எழுதினார். முற்றியதை எவரும் குணப்படுத்தக் கண்டதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். இன்று முற்றிய நிலைக்கும் சிகிச்சையுண்டு. எனினும் முந்தி வருபவளே பிழைக்க வாய்ப்புள்ளவள் என்னும் அவர் வாக்கு பொய்க்கவில்லை. நம் முன்னோர் வெட்கப்படாமல் எழுதிவைத்ததை நாம் வாய்திறந்து பேசவும் வெட்கப்படுவதா?

மானத்துக்கும் பங்கமின்றி உயிரும் காக்க வழியுண்டு என்பதை மும்பை காட்டியிருக்கிறது. டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில் 1,51,538 பெண்கள் இடம்பெற்றனர். அவர்களில் பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் மட்டுமே பரிசோதித்தனர். 2021இல் வெளிவந்த முடிவின்படி நோய் முந்திய நிலையிலேயே கண்டறியப்பட்டது. ஐம்பது வயதைக் கடந்தவர்களிடையே மார்பகப் புற்றால் நேரும் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவுமில்லை. பயின்ற பெண்ணின் கைகள்தாம்! ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பட்டது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். இல்லம் தேடிவரும் பெண் பணியாளரிடம் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளும் நம் தாய்மார்கள், மார்பகப் பரிசோதனை எங்கே, எந்நாளில் என்றும் கேட்கட்டும்.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98,000 பேர் மாண்டனர் என்று உலகப் புற்றுநோய்க் கணக்கீடு மதிப்பிடுகிறது. பெருமருத்துவமனைகள் இல்லாமலா இத்தனை இழப்பு? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. விடுதலை வீரர் ரஃபி அஹ்மத் கித்வாயின் பெயர் தாங்கிய புற்றுநோய் மருத்துவமனை, ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், பெங்களூரில் இருக்கிறது. சாலை இருக்கிறது, பேருந்து இருக்கிறது. ‘போய்ப் பார்த்து வா’ என்று சொல்லும் வாய்தான் இல்லை.

ஜமாஅத்தார் இதற்கென்று மாளிகை கட்ட வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை பெண் மருத்துவர் ஒருவரை மதரஸாக் கட்டடத்துக்கு அழைக்கலாம். படித்த சகோதரிகள் இருவர் மொழிபெயர்க்கவும் துணைக்குச் செல்லவும் முன்வரலாம். பரிசோதனைக்குச் செல்லும் தொழிலாளிப் பெண் இழக்கும் ஒரு நாள் கூலியை பைத்துல்மாலிலிருந்து ஈடு செய்யலாம். திருமண விருந்தில் வீணாகும் ஒரு தேக்சா பிரியாணியின் செலவுகூட ஆகாது!

கணவன்மார்களே, மனைவி தயங்கிச் சொல்லும்போது காது கொடுங்கள். மருத்துவப் பெருமக்களே, தொட்டுப் பாருங்கள், எழுதித் தாருங்கள். சகோதரிகளே, ‘ஒன்றுமில்லை’ என்று எவர் சொன்னாலும், ‘அப்படியானால் இது என்ன?’ என்று ஒருமுறை கேளுங்கள். விடை கிடைக்கும்வரை அவ்விடம் விட்டு எழாதீர்கள்.