இரக்கம் எது?



விமானத்தில் ஏறும் எவரும் விமானியை நோக்கி, “நீர் தேர்வில் முறையாகத் தேறினீரா?” என்று வினவுவதில்லை. யாரோ ஒருவர் கண்டிப்புடன் சோதித்தே அனுப்பியிருப்பார் என்று நம்பி அமர்கின்றோம்.

2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் நியூவர்க்கிலிருந்து பஃபலோ நகருக்குச் சென்ற கோல்கன் ஏர் விமானம், தரையிறங்கும் முன் ஒரு வீட்டின்மீது வீழ்ந்தது. விமானத்திலிருந்த 49 பேரும், வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டனர். வேகம் மிகக் குறைந்ததால், விமானியின் கைப்பிடியே அதிர்ந்து எச்சரித்திருக்கின்றது. அவ்வேளையில் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்க வேண்டும். அவரோ பிடியைத் தம்மை நோக்கி இழுத்து மூக்கை உயர்த்திவிட்டார். திகைப்பு மனத்தைக் கவ்வும் நொடியில் கையை நடத்துவது பயிற்சி தந்த பழக்கமே.

அவர் முன்னர்ப் பலமுறை பறத்தல் தேர்வுகளில் தவறியவர் என்பதும், அத்தகையோரின் குறைகளைத் தொடர்ந்து திருத்தத் தக்க ஏற்பாடு நிறுவனத்தில் இல்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தன. தேர்வில் தவறுவது பாவமன்று. தவறிய இடத்தைச் செப்பனிடாமல் மேலே அனுப்புவதே பெருங்கேடு.

மாண்டோரின் குடும்பத்தார் கண்ணீரோடு நின்றுவிடவில்லை. சட்டத்தைத் திருத்துமாறு அரசிடம் போராடினர். 2010-இல் புதிய சட்டம் பிறந்தது. அதுவரை 250 மணி நேரம் பறந்தவர் துணை விமானியாகலாம் என்றிருந்த நிலை மாறி, 2013 முதல் பொதுவாக 1500 மணி நேரம் வேண்டும் என்றாயிற்று.

நம் பங்குகளில் பெற்றோர் சிலர், “சுவாமி, ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், இரக்கப்பட்டு நாலு மதிப்பெண் போடட்டும்” என்று வேண்டுவதுண்டு. தேர்வாளரின் கண்முன் நிற்பவன் ஒருவனே. அவனை நம்பி நாளை அமரப்போகிறவர்கள் பலர். ஊசி போடும் செவிலி, பேருந்து ஓட்டுநர், மின்கம்பி இணைப்பவர் அனைவர்க்கும் இது பொருந்தும். குருமாணவரையும் திருச்சபை ஆண்டுக்கணக்கில் சோதித்தே பலிபீடத்திற்கு அனுப்புகின்றது.

ஆகவே, பிள்ளை தவறினால் மதிப்பெண்ணை இரந்து நிற்காதீர்கள். எங்கே தவறினான் என்று ஆசிரியரைக் கேளுங்கள். குடும்பச் செபமாலை முடிந்தபின் அரைமணி நேரம் அவனருகே அமருங்கள். பிள்ளைக்கும், அவனை நம்பப்போகும் அயலானுக்கும் நாம் காட்டும் மெய்யான இரக்கம் அதுவே.